அண்ணன் வீட்டுக்குப் போகாத அரைநாள்

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது என் மகள் ரூத்துக்குக் குழந்தையின் கை முதலில் வந்துவிட்டது. தலை வரவில்லை. வலது கை, மணிக்கட்டு வரைக்கும். சனிக்கிழமை காலையிலிருந்து அவளுக்கு வலி. தலைப்பிரசவம். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம் அது. கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் எங்கள் ஊர். நாலு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அடுப்பு எரியவில்லை, துணி காயவில்லை, பிள்ளை பிறக்கவில்லை.

என் பெயர் சலோமி. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சாட்சியாக எழுதிக் கொடு என்று சகோதரிகள் நீங்கள் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இது இனிப்பாக இருக்காது. பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் வாசியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பிரசவம் பார்க்க வந்தவள் நல்லம்மா. அவள் விசுவாசி அல்ல, ஊர்ச்சாமியைக் கும்பிடுகிறவள். எங்கள் பக்கத்து நாலைந்து ஊருக்கும் அவள்தான் மருத்துவச்சி. அந்தக் கையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏனம்மிணி, இது என் கைக்கு அடங்காதுங்க. புள்ள குறுக்கக் கெடக்குது. கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இப்பவே தூக்குனாத்தான் ஆகும்."

எங்கள் ஊருக்கு வண்டிப்பாதை கிடையாது. நடக்க முடியாதவரைக் கீழே இறக்குவதற்கு ஒரே வழி தூளிதான். நீளமான மூங்கிலில் கெட்டிப் போர்வையின் இரண்டு முனையையும் கட்டி, அதற்குள் ஆளைப் படுக்கவைத்து, முன்னால் இரண்டு பேரும் பின்னால் இரண்டு பேரும் தோள் கொடுக்க வேண்டும். முள்ளுக்குறிச்சிக்கு இறங்குகிற வழி செங்குத்து. மழைக்காலத்தில் பாறையெல்லாம் பாசி. மாற்றுத்தோள் இல்லாமல் நாலு பேர் மட்டும் இறக்க முடியாது. எட்டுப் பேராவது வேண்டும்.

எங்கள் சபையில் ஆண்கள் என்று இருந்தது நாலு பேர். என் வீட்டுக்காரர் யோவான், மருமகன் சீலாஸ், சபையை நடத்துகிற மூப்பர், இன்னொருவர். அந்த இன்னொருவர் மலைக்காய்ச்சலில் படுத்திருந்தார். மூப்பருக்கு இருமல், வெறுங்கையோடு நடந்தாலே மூச்சு வாங்கும். ஆக, தோள் என்று சொல்லத்தக்கது இரண்டுதான்.

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் என் கூடப்பிறந்த அண்ணன் பவுல் வீடு இருந்தது. இடையில் ஒரு சிற்றோடை, ஒரு பலாமரம், அவ்வளவுதான். அவருடைய சபையில் திடமான ஆண்கள் அவரோடு சேர்த்து ஏழு பேர். எல்லாரும் மிளகுக்கொடிக்கு மரம் ஏறுகிறவர்கள், சுமை தூக்கிப் பழகினவர்கள். இரண்டு சபையும் சேர்ந்தால் தூளிக்கு ஆள் மிச்சம்.

ஆனால் அண்ணனோடு நான் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அண்ணனும் நானும் ஒரே நாளில், ஒரே ஓடையில், ஒரே வெள்ளைக்கார மிஷன் துரையின் கையால் முழுக்கு ஸ்நானம் எடுத்தவர்கள். அன்றே ஊர் கூடி எங்கள் இரண்டு வீட்டையும் விலக்கி வைத்தார்கள். எங்களுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது. ஊர் ஊற்றில் நாங்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது. அப்போது எங்களிடம் தீப்பெட்டி ஏது? அண்ணன் வீட்டில் அடுப்பு அணைந்தால் என் வீட்டிலிருந்து தணல் போகும். என் வீட்டில் அணைந்தால் அங்கேயிருந்து வரும். கொட்டாங்குச்சியில் தணலை வைத்து ஊதிக்கொண்டே மழையில் ஓடிவருவார் அண்ணன். அந்த வருஷங்கள்தான் நாங்கள் உண்மையான கிறிஸ்தவர்களாக இருந்த வருஷங்கள். பிறகு ஊர் மனம் மாறி விலக்கை எடுத்துவிட்டது. எங்களுக்குச் சங்கடம் தீர்ந்தது, சண்டை தொடங்கியது.

எங்கள் துரை உடம்பு சரியில்லாமல் அவர் தேசத்துக்குப் போய்விட்டார். அந்தச் சமயத்தில் அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். ஒரு மாதக் குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சல். பிழைக்காது என்று எல்லாரும் சொல்லிவிட்டோம். அப்போது வேறொரு மிஷனைச் சேர்ந்த பாதிரி ஐயர் ஒருவர் மலையேறி வந்தார். அவர்கள் குழந்தைகளுக்கும் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள். அண்ணன் பயத்தில் குழந்தையை அவர் கையில் கொடுத்தார். அவர் தெளித்தார். குழந்தை பிழைத்தது.

எங்கள் மூப்பர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அறிவு வந்து, மனந்திரும்பி, தண்ணீருக்குள் இறங்குகிறதுதான் ஸ்நானம், குழந்தைக்குத் தெளிக்கிறது மந்திரிக்கிற மாதிரி என்றார். அப்பமும் ரசமும் எடுக்கிற கர்த்தருடைய பந்தியிலிருந்து அண்ணனை நீக்கினார். அண்ணனோடு ஐந்து குடும்பம் போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜெபக்கூடம் எழும்பியது. ஊர்க்காரர்கள் எங்களுக்கு 'முங்கினவங்க' என்றும் அவர்களுக்குத் 'தெளிச்சவங்க' என்றும் பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் இரண்டு கூடத்திலும் ஆராதனை. அவர்கள் பாட்டு எங்கள் காதில் விழாமலிருக்க நாங்கள் தொண்டை கிழியப் பாடுவோம். அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "விடிஞ்சதும் ஆரம்பிச்சுட்டாங்க பாரு" என்று ஊரில் சிரிப்பார்கள்.

நெருப்பு கொடுப்பதை நிறுத்திக்கொண்டோம். யாரும் சட்டம் போடவில்லை, தானாக நின்றுபோனது. எங்களுக்கு ஊர் செய்ததை நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டோம். அப்போது அது எங்களுக்கு உறைக்கவில்லை. சத்தியத்துக்காக நிற்கிறோம் என்று நினைத்தோம்.

அண்ணன் மகன் இரண்டு வயதில் திரும்பவும் காய்ச்சலில் விழுந்தான். இந்தத் தடவை போய்விட்டான். நான் அவனுக்கு அத்தை. அடக்கத்துக்குப் போனேன். போகும்போதே மூப்பர் சொல்லி அனுப்பினார்: "போய்ட்டு வாங்க. ஆனா அவங்க ஜெபத்துக்கு ஆமென் சொல்லாதீங்க. சொன்னா அந்த ஸ்நானத்த நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

சின்னக் குழி. கீழேயிருந்து வந்திருந்த அவர்களுடைய உபதேசியார் ஜெபித்தார். நல்ல ஜெபம்தான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முடிந்ததும் எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன் என்றே சொல்லலாம். குழிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மார்த்தாளும் பார்த்தாள். அன்றோடு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நல்லம்மா சொன்னதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "உங்கண்ணனக் கேட்டுப் பாக்கலாமே."

"மொதல்ல ஜெபம் பண்ணலாமுங்க. அப்பறம் பாக்கலாம்" என்றேன்.

அவர் விட்டுவிட்டார். என் குணம் அவருக்குத் தெரியும். மூப்பரும் அதையே சொன்னார். உபவாசத்தோடு ஜெபிப்போம், கர்த்தர் வழி திறப்பார் என்றார். ஊர்க்காரர்களையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் வந்திருப்பார்கள். ஆனால் "உங்காளுங்க எங்க போயிட்டாங்க?" என்று கேட்பார்களே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு இல்லை.

ஆகவே கூடத்துக்குப் போய் முழங்காலில் நின்றோம். நல்லம்மாவும் சபைப் பெண்கள் இரண்டு பேரும் ரூத்தின் பக்கத்தில் இருந்தார்கள். அவள் கத்துவது கூடத்துக்குக் கேட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தேன். உம்முடைய சித்தம் ஆகட்டும் ஆண்டவரே, ஆள் அனுப்பும் ஆண்டவரே என்று வாய் சொன்னது. மனம் சொன்னது வேறு. அண்ணனைத் தவிர வேறு யாரையாவது அனுப்பும். அப்படி அவர்தான் என்றால், அவராக வந்து என் வாசலில் நிற்கட்டும். இதுதான் என் ஜெபம். அலங்காரம் இல்லாமல் எழுதிவிட்டேன்.

முழங்காலில் நிற்பது எவ்வளவு வசதியான ஒளிவிடம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே ஒளிந்துகொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பக்தியுள்ள தாய் என்பார்கள். பெற்ற மகள் அங்கே துடிக்க, அண்ணன் வீட்டுக்குப் போகாமலிருப்பதற்காக நான் கர்த்தருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாட்டுச் சத்தமே வரவில்லை. அது எனக்கு ஒரு நிமிஷம் விசித்திரமாகப் பட்டது. பிறகு மறந்துவிட்டேன்.

வெயில் தெரியாத நாள் என்பதால் நேரம் போனது தெரியவில்லை. உச்சிவேளை நெருங்கும்போது நல்லம்மா கூடத்துக்கு வந்தாள். உள்ளே வர மாட்டாள், அது அவள் வழக்கம். வாசலில் நின்றபடி, கை கழுவின ஈரத்தோடு சத்தம் போட்டாள்.

"ஏனம்மிணி, இன்னும் எத்தன நேரமுங்க? கண்ணத் தொறந்து பாருங்க. உங்கண்ணன் ஊட்டு வாசல் இங்கிருந்தே தெரியுது. எங்க ஊர் வெலக்குலகூட புள்ளப்பேத்துக்கும் பொணத்துக்கும் வெலக்கு கெடையாது. உங்களுது அதவிடப் பெரிய வெலக்கா இருக்குதே."

மூப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்துவிட்டேன். என் கால் மரத்துப் போயிருந்தது. விழுந்து எழுந்து போனேன். செருப்பில்லாத காலில் ஓடைத் தண்ணீர் பட்டபோது சுருக்கென்றது. அந்த ஓடையைத் தாண்ட எனக்கு நூறு அடிகூட வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் வீட்டு முற்றத்தில் ஒரு மூங்கில் கிடந்தது. கணு செதுக்கி, தூளிக்கு வேண்டிய அளவுக்கு வெட்டிய மூங்கில். அதில் கம்பளிகூடக் கட்டியாயிற்று. பக்கத்தில் கழித்துப் போட்ட இலையும் கொப்பும் குவியலாகக் கிடந்தன. மழை ஈரத்திலும் அந்த இலைகள் சுருண்டு போயிருந்தன. இந்த ஈரத்தில் மூங்கில் இலை வெட்டின உடனே சுருளாது. நான் மலையில் பிறந்தவள், எனக்குத் தெரியும். அதை வெட்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

வீட்டுக்குள் அண்ணனும் அவர் சபை ஆட்களும் முழங்காலில் இருந்தார்கள். பாட்டில்லை, சத்தமில்லை. நான் வாசலில் நின்றேன்.

"அண்ணா" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"சொல்லு கண்ணு."

"ரூத்தக் கீழ எறக்கோணுமுங்க."

"வாரோம்" என்றார். ஏழு பேரும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். இரண்டு பேர் மூங்கிலைத் தூக்கினார்கள். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். நங்கையும் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் உனக்காக வரல. அவ என் மடியில வளந்தவ."

ரூத்தைத் தூளியில் படுக்கவைத்ததும், புறப்படுவதற்கு முன் ஜெபிக்க வேண்டும் என்று மூப்பர் சொன்னார். அண்ணன் ஆட்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். மூப்பர் அவர்களைப் பார்த்தார். அவர்கள் மூப்பரைப் பார்த்தார்கள். இவர் ஜெபித்தால் அவர்கள் ஆமென் சொல்வார்களா, அவர்கள் ஜெபித்தால் இவர் சொல்லலாமா? தூளிக்குள் ரூத் முனகிக்கொண்டிருந்தாள்.

"அவங்கவங்க மனசுக்குள்ள ஜெபிச்சுக்கலாம்" என்றார் மூப்பர்.

அப்படித்தான் புறப்பட்டோம். நல்லம்மாவின் புருஷன் பெரியண்ணனும் தானாக வந்து சேர்ந்துகொண்டார். மூப்பர் இருமலுக்காக ஊரிலேயே தங்கிவிட்டார். இப்போது நினைத்தால், கர்த்தர் அந்த இருமலையும் ஒரு காரணத்துக்காகத்தான் கொடுத்தார் என்று தோன்றுகிறது.

அந்த வழியை நான் எப்படிச் சொல்ல? பாறைக்குப் பாறை வழுக்கல். அட்டை காலில் ஏறினால் பிடுங்கவும் கை ஒழியாது. முன்னால் போகிறவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள், பின்னால் வருகிறவர்கள் மூங்கிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள், தூளி சாயாமலிருக்க. தோள் மாற்றும்போது முங்கினவர் தோளிலிருந்து தெளித்தவர் தோளுக்கு, அங்கிருந்து ஊர்ச்சாமி கும்பிடுகிற பெரியண்ணன் தோளுக்கு. மூங்கிலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எல்லார் தோளிலும் ஒரே மாதிரி தோல் உரிந்தது.

பாதி வழியில் ரூத் கூப்பிட்டாள்.

"யாராவது சத்தமா ஜெபம் பண்ணுங்களே. எனக்குப் பயமா இருக்குது."

சீலாஸ் என்னைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார்.

"மாமா, நீங்க பண்ணுங்க" என்றாள் ரூத்.

அண்ணனின் தோளில் அப்போது மூங்கில் இருந்தது. நிற்கவும் முடியாது, கண்ணை மூடவும் முடியாது. மூச்சு வாங்க வாங்க, காலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டே ஜெபித்தார். "ஆண்டவரே, இந்தப் புள்ளயக் காப்பாத்துங்க. எங்க பாவத்த இவ மேல வெக்காதீங்க. நாங்க பண்ணுனதுக்கு இவள எடுத்துக்காதீங்க." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் ஆமென் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. எனக்குப் பின்னால் நங்கை வந்துகொண்டிருந்தாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. அது ரூத்துக்காக மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு முகம் இல்லை.

முள்ளுக்குறிச்சியில் ஒரு விவசாயி வீட்டில் வண்டி கட்டிக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். வைக்கோல் பரப்பி, மேலே கூண்டும் போட்டுக் கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மா ரூத்தின் வயிற்றில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டார். நாங்கள் எல்லாரும், இரண்டு சபையும் பெரியண்ணனும், தாழ்வாரத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா பிழைச்சுக்குவாங்க" என்றார். பிறகு, "பையன். உயிர் இல்லை. ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கலாம். ஏன் இவ்வளவு தாமதம்? மலையில ஆள் கிடைக்கலையா?" என்றார்.

ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்ட அந்த அம்மாவுக்கு முன்னால் பத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அண்ணனும் என் வீட்டுக்காரரும் குழி தோண்டினார்கள். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்த நிலத்தில் ஓரமாக இடம் கொடுத்திருந்தார்கள். தோண்டி முடித்துக் கை கழுவும்போது நான் அண்ணனிடம் கேட்டேன்.

"மூங்கில எப்பண்ணா வெட்டுனீங்க?"

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"விடியறப்ப. பெரியண்ணன் வந்து சொன்னான். உடனே வெட்டிக் கட்டி வெச்சுட்டேன்."

"அப்பறம் ஏன் வரலீங்க?"

"நீ வந்து கூப்புடோணும்னு முட்டி போட்டுட்டு இருந்தேன் கண்ணு. எம்பையன் மண்ணுக்குப் போன அன்னிக்குத் தொறக்காத வாய, இன்னிக்குத் தொறந்து கேக்கட்டும்னு ஆண்டவர்கிட்டக் கேட்டுட்டு இருந்தேன். அவரும் கேட்டுட்டாரு. நீ வந்துட்ட."

அதைச் சொல்லிவிட்டு அவர் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயது மனிதர், சத்தம் போட்டு அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடைக்கு இந்தப் பக்கம் நான் முழங்காலில், அந்தப் பக்கம் அவர் முழங்காலில். அவராக வரட்டும் என்று நான் ஜெபித்தேன், அவளாக வரட்டும் என்று அவர் ஜெபித்தார். விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரைக்கும். நடுவில் என் பேரன் இருந்தான்.

இதுதான் நீங்கள் கேட்ட ஜெபத்தின் பதில். ஆள் அனுப்பும் என்று கேட்டேன், ஏழு பேரை அனுப்பினார். மகளைப் பிழைக்க வையும் என்று வழியெல்லாம் கேட்டோம், பிழைக்க வைத்தார். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. எழுந்து போக வேண்டிய நேரத்தை நாங்கள்தான் வீணாக்கினோம்.

பிள்ளையை அடக்கம் செய்தபோது மூப்பரும் இல்லை, உபதேசியாரும் இல்லை. அண்ணன் ஜெபித்தார். என் பேரன் முழுக்கும் வாங்கவில்லை, தெளிப்பும் வாங்கவில்லை. இரண்டு சபைக்கும் வழக்கு வைக்காமல் போய்விட்டான்.

ஊருக்குத் திரும்பினதும் எல்லாரும் ஒன்றாகிவிட்டோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுத முடியாது. எங்கள் சபையில் என்னை விசாரித்தார்கள். தெளித்தவரோடு சேர்ந்து ஜெபித்தது உண்டா, ஆமென் சொன்னது உண்டா, எத்தனை தடவை? எண்ணவில்லை என்றேன். ஆறு மாதம் பந்தியில் சேரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. மாதக் கடைசியில் அவர்களுடைய உபதேசியார் மலையேறி வந்து அண்ணனை விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நிறுத்தினது எதற்கு, முங்கினவர் வீட்டுப் பிள்ளைக்கு உத்தரவில்லாமல் அடக்க ஜெபம் செய்தது எதற்கு என்று கேட்டு, அவருக்கும் ஆறு மாதம். இரண்டு கூடத்திலும் ஒரே அச்சில் வார்த்த தீர்ப்பு வந்ததைப் பார்த்தபோதுதான் இவர்கள் உண்மையில் ஒரே சபைதான் என்று எனக்கு உறுதியாயிற்று.

அந்த ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் நானும் பலாமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். இரண்டு பக்கமும் பாட்டு நடக்கும். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரரும் வந்தார். பிறகு நங்கை வந்தாள். முதல் நாள் அவள் என்னோடு பேசவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுட்ட, செரி" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் என் வீட்டு அடுப்பு அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவளாகப் போய்த் தணல் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அது போதும்.

ஸ்நானத்தைப் பற்றி அண்ணனும் நானும் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. நான் முழுக்குக்காரிதான். அவர் தெளிப்பு சரி என்பார். வாதம் வந்தால் இரண்டு பேருக்கும் குரல் உயரும். ஆனால் அந்த மரத்தடியில் ஒரு சின்னக் கொட்டகை போட்டு, இரண்டு மூங்கிலும் நாலு கம்பளியும் எப்போதும் தயாராக வைத்திருக்கிறோம். எந்த வீட்டில் முனகல் கேட்டாலும், கூப்பிடுகிறதற்குக் காத்திருக்காமல் போய் நிற்பது என்று பேசிக்கொண்டோம். முங்கினவர், தெளித்தவர், ஊர்க்காரர் எல்லாரையும் அதில் இறக்கியிருக்கிறோம். போன வருஷம் எங்கள் மூப்பரையும் அதில்தான் இறக்கினோம். முன்னால் தோள் கொடுத்தது அண்ணன். பாறைமேல் தூளி சாயப் போனபோது மூப்பர் ஜெபிக்கச் சொன்னார். யார் ஜெபிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ரூத்துக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. இனி இருக்காது என்று டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டார். அந்த அரைநாளைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. மழை, வழுக்கல், வழி தூரம்தான் காரணம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கூட்டங்களில் சாட்சி சொல்லும்போதும் மகள் பிழைத்ததை மட்டும் சொல்லச் சொல்வார்கள், மற்றது விசுவாசிகளுக்கு இடறலாகும் என்பார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டு அவளிடமிருந்து மறைத்தேன். இதை எழுதி முடித்ததும், உங்களுக்கு அனுப்புவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல் கேட்டாள். நான் முழங்காலில் இருந்த இடம் வந்தபோது முறம் நின்றது. முடித்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் எதிரில் வந்து நின்றாள்.

"அனுப்பீரும்மா. ஒரு வரியும் அடிக்காதே. அப்பிடியே அனுப்பு" என்றாள்.

அதனால் ஒன்றும் அடிக்காமல் அனுப்புகிறேன். என் மகள் உயிரோடு என் எதிரில் நடமாடுகிறாள். அதற்காக என் கர்த்தரைத் தினமும் துதிக்கிறேன். அவரை நம்புங்கள், அவர் கேட்கிறவர். ஆனால் உங்கள் ஊரிலும் நீங்கள் பேசாத ஒரு விசுவாசி வீடு இருக்கும். அந்த வீட்டுக்காக முழங்காலில் நிற்காதீர்கள். எழுந்து போங்கள். போகிற வழியில் ஜெபித்துக்கொள்ளலாம். நடந்துகொண்டே செய்கிற ஜெபத்தையும் அவர் கேட்கிறார். அதற்கு நான் சாட்சி.